பற்றரி இறங்கிய ஸ்பைஸ் கேர்ள்ஸ்

போன இதழில், தொண்ணூறுகளில் கலக்கிய இங்கிலாந்துப் பெண்கள் ஐவரின் பொப் குழுவான ஸ்பைஸ் கேர்ள்ஸின் முதல் அல்பத்தை மறுபடி கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு பேர் பேனா எடுப்பீர்கள் என்று நினைக்கவில்லை. கன்னியா வெந்நீரூற்று பற்றி மாய்ந்து மாய்ந்து மூன்று பக்கம் எழுதினபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: 97இல் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். கொழும்பில் வேலை செய்த அண்ணா அந்தக் கசெற்றைக் கொண்டுவந்து தந்தார், நானும் தங்கச்சியும் நாடா தேயத் தேயக் கேட்டோம். பிறகு அதே அண்ணாவே "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று நக்கலடித்ததில் வெட்கப்பட்டு விட்டுவிட்டோம். போன மாதம் மகள் அதைப் போனில் போட்டாள். பாட்டு அவசரப்பட்டு ஓடுகிறது, குரல்களும் கீச்சென்று இருக்கின்றன. பாட்டை மாற்றிவிட்டார்களா, இல்லை என் காதுதான் மாறிவிட்டதா?
- வாசகி, உவர்மலை

பதில்: இரண்டும் இல்லை. குற்றவாளி உங்கள் வீட்டு ரேப் றெக்கோடர் என்றுதான் எனக்குப் படுகிறது. கசெற் நாடா செக்கனுக்கு 4.76 சென்றிமீற்றர் ஓடவேண்டும். அந்தக் காலத்துக் கரன்ட்டை நம்பி யார் பாட்டுக் கேட்டார்கள்? பற்றரிதான். அதுவும் புதுப் பற்றரியா என்றால் இல்லை, வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து நெளித்து, இன்னும் நாலு நாள் இழுக்கும் என்று மறுபடி உள்ளே தள்ளியது. பற்றரி இறங்க இறங்க மோட்டர் தளரும், நாடா மெதுவாகும், நாடா மெதுவானால் தாளத்தோடு சுருதியும் சேர்ந்து இறங்கும். வேகம் ஏறக்குறைய 6 வீதம் குறைந்தாலே அரைச்சுருதி இறங்கிவிடும். ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டையை விட்டு அதற்குக் கீழே இருக்கும் கறுப்புக் கட்டைக்குப் போவது போல. அல்பத்தின் முதல் பாட்டு 'வனபி'யின் சரியான நீளம் 2 நிமிடம் 53 செக்கன். அப்படித் தளர்ந்த றெக்கோடரில் அது 3 நிமிடத்தைத் தாண்டியிருக்கும். அதைத்தான் நீங்களும் தங்கச்சியும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பற்றரி சாகப்போகிற நேரம் ஐந்து பெண்களும் தடிமன் பிடித்த ஆம்பிளைகள் மாதிரிப் பாடுவார்கள், அதற்காகவே என் தம்பி காத்துக்கொண்டிருப்பான்.

ஒரு பாட்டில் மட்டும் வரி மாறியது உண்மை. 'டூ பிகம் வன்' அல்பத்தில் ஒரு மாதிரி, 1996 நத்தாருக்குத் தனியாக வெளியிட்டபோது ஒரு வரியை மாற்றிப் பாடினார்கள். மகளின் போனில் வந்தது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீச்சுக்குரல் விஷயம் தீர்ந்தது, ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன்: அண்ணாவின் நக்கலைக் கழித்துவிட்டால் அந்த அல்பத்தில் மிச்சம் என்ன?

நான் செய்தது இதுதான். ஒரு பின்னேரம் டச்பே கடற்கரைக் கட்டில் இருந்து, காதில் இயர்போன் செருகி, பத்துப் பாட்டையும் வரிசை மாற்றாமல் கேட்டேன். மொத்தமே 40 நிமிடம். முதல் பாட்டு பாட்டாகத் தொடங்குவதில்லை, காலடிச் சத்தமும் ஐவரில் ஒருவரான மெல் பி-யின் சிரிப்புமாகத் தொடங்குகிறது. கசெற்றில் அந்தக் காலடி எனக்குக் கேட்டதே இல்லை, நாடா இரைச்சலுக்குள் போய்விட்டது. பிறகு அவரும் ஜெரியும் மாறி மாறிக் கத்த, மற்றவர்கள் நுழைகிறார்கள். கல்யாண வீட்டுக்கு முதல் நாள் பின் குசினியில் பலகாரம் சுடும் மாமிமாரைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருத்தி தொடங்குவாள், மற்றவள் பாதியில் பறிப்பாள், மூன்றாமவள் சிரிப்பாள், யார் தலைவி என்று சொல்லமுடியாது. இந்த அல்பத்தின் உயிர் அந்தப் பறிப்பில்தான் இருக்கிறது. ஐந்து குரலும் ஐந்து தினுசு: எமாவினது பஞ்சு, ஜெரியினது கரகரப்பு, மெல் சி பாட்டு முடிகிற இடங்களில் மேலே ஏறி நின்று கொடி பிடிப்பார். சின்ன வயதில் எனக்கு அது ஒரே கூட்டுச் சத்தம். இப்போது ஆள் ஆளாகப் பிரித்துக் கேட்கிறேன். பிரித்துக் கேட்டபோதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. உலகமே பாடிய 'வனபி'யில் ஐந்தாமவரான விக்டோரியாவுக்குத் தனியாக ஒரு வரிகூட இல்லை. பாட்டு உருவான நாளில் அவர் பெரும்பாலும் அங்கே இருக்கவில்லையாம்.

இரண்டாவது பாட்டு 'சே யூல் பி தேர்' நடுவில் ஒரு மவுத் ஓகன் வருகிறது, அதற்கு அடியில் தடித்த பேஸ் (அடிச்சத்தம்) ஒன்று நெளிந்துகொண்டே போகிறது. 'மாமா' முடியும்போது ஒரு கோஷ்டியே சேர்ந்து பாடுகிறது. அந்த இடத்தில் ஒரு மான் வந்து என் கச்சான் சரையை இழுத்தது (ஊர் மான்களுக்குப் பயம் விட்டுப் பல காலம்), இயர்போன் கழன்று விழுந்தது, ஆகவே அந்தப் பாட்டைப் பற்றி மேற்கொண்டு நியாயமான தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். 'லவ் திங்' அன்றைக்கும் சப்பென்றிருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் 'சம்திங் கைண்டா ஃபனி' என்று எட்டாவதாக ஒன்று, அவசரமே இல்லாமல், சாய்மனைக் கதிரையில் கிடந்து பாடுகிற மாதிரி. இதை எப்படி 97இல் தவறவிட்டேன் என்று யோசித்தால் காரணம் அற்பமானது. எங்கள் பக்கத்து றெக்கோடிங் பார் (கசெற்றில் பாட்டுப் பதிந்து தரும் கடை) பெடியன் 60 நிமிடக் கசெற்றில் முதல் ஏழு பாட்டையும் ஏ பக்கத்தில் அடைத்துவிட்டான். மிச்சம் மூன்றுதான் பி பக்கத்தில், அதன் பிறகு இடம் வீணாகக்கூடாது என்று தமிழ்ப் படப் பாட்டுகள். பி பக்கம் போட்டாலே அம்மா குசினியிலிருந்து "அதை ஓட்டிவிட்டு எங்கட பாட்டைப் போடு" என்பார். நானும் ஓட்டிவிடுவேன். கடைசிப் பாட்டில் ஜெரி ஸ்பானிஷில் விளாசுகிறார் என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரியும். அவருடைய அம்மா ஸ்பெயின்காரர்.

கேள்வி: பத்திரிகையில் விளம்பரம் போட்டுச் சேர்த்த பிள்ளைகள், பாட்டுச் செய்தது பின்னால் இருந்த ஆட்கள். இதற்கு இரண்டு பந்தி செலவழிப்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?
- வாசகர், திருக்கடலூர்

பதில்: போன இதழில் ஒரு வரிதான் எழுதினேன் ஐயா. இரண்டு பந்தி இப்போதுதான், அதுவும் உங்களைப் போன்றவர்களின் புண்ணியத்தில்.

விளம்பரம் உண்மை. 1994இல் மேடைக் கலைஞர்களுக்கான ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது, நூற்றுக்கணக்கில் பெண்கள் போனார்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. தங்களைச் சேர்த்த மனேஜர்மாரோடு ஒத்துவராமல் 1995இல் ஐந்து பேருமாக வெளியேறிவிட்டார்கள், அதன் பிறகுதான் புது மனேஜர் சைமன் ஃபுல்லர், அல்பத்தை வெளியிட்ட வேர்ஜின் நிறுவனம் எல்லாம். ரிச்சர்ட் ஸ்டானர்ட், மாட் ரோ என்ற இருவரும் அப்சலூட் என்ற இன்னொரு சோடியும் இசை அமைத்தார்கள். பாட்டெழுதியவர்கள் என்று போடும் இடத்தில் மற்றவர்களோடு ஐந்து பெண்களின் பெயரும் இருக்கிறது, பத்துப் பாட்டுக்கும்.

அப்படியே பின்னால் இருந்தவர்கள்தான் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்முடைய படப் பாட்டில் மெட்டு ஒருவர், வரி ஒருவர், பாடகி வந்து பாடிவிட்டுப் போகிறார். அவரைப் பார்த்து "நீ என்ன செய்தாய்" என்று நாம் கேட்டதுண்டா? இல்லையே, கும்பிடுகிறோம். இங்கே மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறோம் என்றால், நாம் இவர்களைக் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்போட்டி, பேபி என்ற பட்டப்பெயர்கள்கூட இவர்கள் வைத்ததில்லை, ஒரு பொப் சஞ்சிகை வைத்தது. பட்டப்பெயரும் சப்பாத்து உயரமும் ஞாபகம் இருக்கிறது, பேஸ் ஞாபகம் இல்லை.

கேள்வி: இயர்போன் அவசியமா? போனில் அப்படியே போட்டுக் கேட்டால் ஆகாதா?
- வாசகர், கிண்ணியா

பதில்: சமைக்கும்போது கேட்பதற்கு ஆகும். போனின் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வராது, மேலே மிதப்பது மட்டும் வரும், அப்போது எந்தப் பொப் பாட்டும் தகரக்கொட்டிலில் மழை பெய்த மாதிரித்தான். விலை கூடிய இயர்போன் வேண்டாம். நான் வைத்திருப்பது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கியது, ஒரு காது அடிக்கடி போய் வரும்.

கேள்வி: எனக்கு 15 வயது. கொரியப் பெண்கள் குழுவான பிளாக்பிங்க் கேட்டால் அப்பா "எல்லாம் ஒரே சத்தம், ஒரே முகம்" என்கிறார். என்ன சொல்வது?
- வாசகி, பாலையூற்று

பதில்: ஒன்றும் சொல்லாதே பிள்ளை, பந்தயம் கட்டு. அவர்களுடைய 2020 அல்பத்தில் எட்டே பாட்டு, 24 நிமிடம், அப்பா ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம். அதற்குள் ஜிசூ, ஜென்னி, ரோசே, லிசா நால்வரில் யார் எந்த இடத்தில் பாடுகிறார் என்று அவர் பிரித்துச் சொல்லவேண்டும். முகம் பார்க்கக்கூடாது, போனைக் கவிழ்த்து வை. ரோசேயின் குரலை முதலில் பிடித்துவிடுவார் என்று நினைக்கிறேன். பதிலுக்கு அவருடைய காலத்துக் குழு ஒன்றை நீயும் அதேபோலக் கேட்கவேண்டும், அதில் கள்ளம் பண்ணாதே.

கேள்வி: அந்தக் கசெற் இன்னும் இருக்கிறதா?
- வாசகர், சாம்பல்தீவு

பதில்: இருக்கிறது. உப்புக்காற்றில் நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், உள்ளே அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத்துண்டு கழன்றுவிட்டது, அதை ஒட்டலாம். பி பக்கத்து மேலட்டையில் பெடியன் நீல மையில் எழுதிய படப் பாட்டு வரிசை இன்னும் வாசிக்கலாம், ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்பதை மட்டும் அவன் எழுதவே இல்லை, "இங்கிலீஸ் 3" என்று போட்டிருக்கிறான். போட்டுக் கேட்க றெக்கோடர்தான் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் சொல்லுங்கள், பற்றரி நான் கொண்டுவருகிறேன்.