வைல்ட்ஃபிளை சர்வரில் இரண்டு ஐபி இருந்தும் ஒன்றில் மட்டும் பதில் வருவது ஏன்?

கேள்வி: மெஷினில் 10.0.0.5, 192.168.1.5 என இரண்டு ஐபி. ‘-பி’ (-b) ஆப்ஷனில் ஹோஸ்ட்நேம் (மெஷினின் பெயர்) கொடுத்து, ஜாவா அப்ளிகேஷன்களை இயக்கும் வைல்ட்ஃபிளையை ஸ்டார்ட் செய்தேன். ஒரு ஐபியில் 8080 திறக்கிறது, மற்றதில் உடனே ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’.

பதில்: சர்வர் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் சாக்கெட்டுக்குப் பெயர் தெரியாது, முகவரிதான் தெரியும். ஸ்டார்ட் ஆகும்போது ஜாவா அந்தப் பெயரை ஐபியாக மாற்றுகிறது. பெயருக்கு இரண்டு ஐபி இருந்தாலும் பட்டியலில் முதலில் வருவதோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் இன்னொரு ஐபியில் கேட்க ஆளே இல்லை. (உடனே மறுக்காமல் காத்திருந்து டைம்அவுட் ஆனால், பெரும்பாலும் ஃபயர்வால்.)

முதலில் ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ (ss -ltnp) போட்டு 8080 எந்த முகவரியில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ‘கெட்டென்ட் ஏஹோஸ்ட்ஸ்’ (getent ahosts) கட்டளையில் அதே ஹோஸ்ட்நேமைக் கொடுங்கள். இங்கே என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையை நம்ப வேண்டாம். அது நேராக டிஎன்எஸ்ஸிடம் போய்விடும், மெஷினிலேயே பெயர்-ஐபி பட்டியல் வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது, ஜாவா பார்க்கும். டெபியன், உபுண்டுவில் அந்த ஃபைலிலேயே ஹோஸ்ட்நேமுக்கு 127.0.1.1 என்று எழுதியிருப்பது வழக்கம். அப்படியிருந்தால் வெளியிலிருந்து எந்த ஐபியிலும் திறக்காது.

இரண்டு ஐபியிலும் வேண்டுமென்றால் சுலபமான வழி ‘-பி 0.0.0.0’. இது 9990 மேனேஜ்மென்ட் போர்ட்டைத் தொடாது. அதற்கு ‘-பிமேனேஜ்மென்ட்’ (-bmanagement) தனி. அதையும் 0.0.0.0 ஆக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

மூன்றாவது ஐபி ஒன்று இருந்து அதைத் திறக்கக் கூடாதென்றால் கொஞ்சம் வேலை. ‘-பி’யில் முதல் ஐபியை எண்ணாகவே கொடுங்கள். ஸ்டாண்ட்அலோன் எக்ஸ்எம்எல் (standalone.xml) என்ற கான்ஃபிக் ஃபைலில் இரண்டாவது ஐபிக்குப் புது இன்டர்ஃபேஸ், அதைச் சுட்டிப் போர்ட்டைச் சொல்லும் புது சாக்கெட் பைண்டிங், வைல்ட்ஃபிளையின் வெப் சர்வர் பகுதியான அண்டர்டோவில் புது எச்டிடிபி லிசனர், மூன்றும் வேண்டும். லிசனரை மறந்தால் எரர் எதுவும் வராது, போர்ட்டும் திறக்காது. முகவரி வேறு என்பதால் இரண்டிலும் 8080 வைக்கலாம். ஆனால் வேறொரு புராசஸ் 0.0.0.0:8080-ஐப் பிடித்திருந்தால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ வரும்.

‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ என்றால் கதை வேறு: அந்த ஐபி மெஷினிலேயே இல்லை. கிளவுடில் பப்ளிக் ஐபி பெரும்பாலும் மெஷினுக்கு வெளியே, அதாவது முகவரி மாற்றும் நெட்வொர்க் கருவியில்தான் (NAT) இருக்கும். பைண்ட் செய்ய, அதாவது ‘-பி’யில் கொடுக்க வேண்டியது மெஷினுக்கு உள்ளே இருக்கும் பிரைவேட் ஐபியை.

கனெக்‌ஷன் கிடைத்து 404 வந்தால் பைண்டிங்கை விட்டுவிடுங்கள். அண்டர்டோவின் ஹோஸ்ட் அலியாஸையும் (எந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்லும் என்ற அமைப்பு), அப்ளிகேஷனின் கான்டெக்ஸ்ட் பாதையையும் (யுஆர்எல்லில் அது தொடங்கும் பகுதி) பாருங்கள்.