ஏ பாசிட்டிவ் தந்தைக்கும் பி பாசிட்டிவ் தாய்க்கும் ஓ நெகட்டிவ் குழந்தை பிறக்குமா?

உங்களுக்கு ஏ பாசிட்டிவ், மனைவிக்கு பி பாசிட்டிவ், மகளுக்கு மட்டும் ஓ நெகட்டிவ் என்று வந்ததால் உறவினர்கள் ஒரு மாதிரியாகப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாகப் பிறக்கும். இதை வைத்து உங்கள் மனைவியைச் சந்தேகப்பட இம்மியளவும் இடமில்லை. முதலில் அதை வீட்டில் உரக்கச் சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு படிக்கலாம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைப்போம். ஒன்றில் ஏ இருக்கிறதா என்று காட்டும் நீல நிறத் திரவமான ஆன்டி-ஏ, அடுத்ததில் பி-யைக் காட்டும் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் ஆன்டி-டி. கலக்கித் தகட்டைச் சாய்த்தால், உங்கள் ரத்தம் முதல் சொட்டிலும் மூன்றாவதிலும் திட்டுத்திட்டாகத் திரளும். மகளுடையது மூன்றிலும் திரளாமல் ஓடும். சிவப்பணுவின் மேற்பரப்பில் இருப்பதைத்தான் இந்தச் சோதனை காட்டுகிறது. உள்ளே இருக்கும் மரபணு ஜோடி இதில் தெரியாது.

அந்த ஜோடியில் ஒன்று தந்தை கொடுத்தது, மற்றது தாய் கொடுத்தது. அட்டையில் 'ஏ' என்று இருப்பவர் ஏஏ ஆகவும் இருக்கலாம், ஏஓ ஆகவும் இருக்கலாம். ஓ ஒடுங்கு பண்பு. ஏ-யோ பி-யோ உடனிருந்தால் வெளியே தெரியாது. நீங்கள் ஏஓ, மனைவி பிஓ. இருவரிடமிருந்தும் ஓ வந்ததால் மகள் ஓஓ. நெகட்டிவும் இப்படித்தான் இருவரிடமும் மறைந்திருந்து வந்திருக்கிறது. உங்களைப் போன்ற தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் ஓ நெகட்டிவ் குழந்தை பிறக்க 16-ல் 1 வாய்ப்பு உண்டு.

ஏபி தந்தைக்கும் ஓ தாய்க்கும் பிறக்கும் பிள்ளைகளைப் பாருங்கள்: பொதுவாக ஏ அல்லது பி. பெற்றோர் இருவரின் பிரிவும் வருவதில்லை! ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-லேயே ரத்தப் பிரிவுகளை விவரித்துவிட்டார். ஆனால் மூன்று மரபணு வடிவங்களை வைத்து இந்தப் பரம்பரைக் கணக்கைத் தீர்த்தவர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், 1924-ல்.

உங்கள் கவலை போக வேண்டிய இடம் வேறு. மகளுக்கு ரத்தம் தேவைப்பட்டால் ஓ நெகட்டிவ்தான் ஏற்றது. அது எளிதில் கிடைப்பதில்லை. உறவில் யாருக்கு அந்தப் பிரிவு என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பின்னாளில் அவள் கருவுற்றால், முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் தன் பிரிவைச் சொல்ல வேண்டும். பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து வரலாம்.