தண்ணீர் குடித்த கார் இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தர்மபுரியில் மழையன்று ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் பெட்ரோல் கார் ஆஃப் ஆகிவிட்டது. இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்தும் எடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் "இன்ஜின் போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். நம்பலாமா?

நான் கிருஷ்ணகிரி பக்கம் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீங்களா அண்ணா?" பார்க்கவில்லை என்றால் அவர் சொன்னது யூகம்தான். யூகம் சரியாகவும் இருக்கலாம். அதற்காக ஒரு இன்ஜின் காசைக் கொடுக்க முடியாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நினைவிருக்கும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பேருந்து நிலையம் பக்கம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த வாரம் என்னிடம் வந்த இரண்டு வண்டிகளைச் சொல்கிறேன். முதலாவது, வீட்டு வாசலில் நின்றபடியே ஸ்டியரிங் வரை மூழ்கிய டீசல் கார். சீட்டுக்கு அடியில் சேறு, டேஷ்போர்டில் வைக்கோல். பார்த்தவுடன் எனக்கே நம்பிக்கை இல்லை. இரண்டாவது, முழங்கால் தண்ணீரில் வந்து நின்ற பெட்ரோல் கார். உள்ளே கார்பெட் மட்டும்தான் ஈரம். டீசல் இன்ஜின் பிழைத்துவிட்டது. பெட்ரோல் வண்டிக்குத்தான் ராடு, அதாவது பிஸ்டனைத் தள்ளும் தண்டு, வளைந்திருந்தது. டீசல் வண்டிக்காரர் சாவியைத் தொடவே இல்லை. பெட்ரோல் வண்டிக்காரர் தண்ணீருக்குள்ளேயே ஆறேழு முறை செல்ஃப் அடித்திருந்தார்.

காரணம் எளிது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. 1197 சிசி நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டர் கிட்டத்தட்ட 300 மில்லி. பிஸ்டன் மேலே வரும்போது அதில் பதினோரு பங்கில் ஒரு பங்குதான் இடம் மிச்சம் இருக்கும், அதாவது சுமார் 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. 1248 சிசி டீசலில் இன்னும் மோசம், இரண்டு மூடிக்கு மேல் தாங்காது. அந்த அளவைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் நடுவழியில் சுவரில் மோதியது போல நிற்கும். பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டு பின்னாலிருந்து தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளையும். ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் நின்றிருந்தால் ஒரே அடியில் வளையும். செல்ஃப் மோட்டார் வேகத்தில் பல சமயம் டக்கென்று நின்றுவிடும், ராடு தப்பிக்கும். திரும்பத் திரும்ப அடித்தால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

சரி, சோதனைக்கு வருவோம். இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் எதையும் கழற்றும் முன் கடைசியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாமே.

முதலில் ஏர் ஃபில்டர் டப்பா. ஃபில்டர் காகிதம் காய்ந்து மொறுமொறு என்று இருந்து, டப்பா அடியில் சேறு இல்லை என்றால், இந்த வழியாக உள்ளே எதுவும் போகவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அப்போது வண்டி நின்றதற்கு ஈரமான காயிலோ சென்சாரோ காரணமாக இருக்கும். காகிதம் நனைந்து தொங்கினால் அதற்குப் பின்னால் உள்ள ஹோஸைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். ஒரு விஷயம்: "தண்ணி பானெட் வரைக்கும் வரவே இல்லையே" என்பார்கள். எதிரே லாரி போனால் எழும் அலை போதும். காற்று இழுக்கும் வாய் பல கார்களில் ஹெட்லைட், கிரில் பக்கம்தான் இருக்கிறது.

அடுத்து டிப் ஸ்டிக். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ, மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். முழுகிய வண்டியில் டிப் ஸ்டிக் குழாய், பிரீதர் என்ற காற்றுப்போக்குக் குழாய் வழியாகவே தண்ணீர் இறங்கும். அந்த டீசல் காரில் சம்ப், அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டியின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் தெளிந்த தண்ணீர்தான் குபுகுபுவென்று வந்தது, அப்புறம்தான் ஆயில். ஆயில் பாலாகிவிட்டது என்பதை வைத்து மட்டும் இன்ஜினை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பிளக் நான்கையும் கழற்ற வேண்டும். டீசல் என்றால் ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டர். இவற்றைக் கழற்றாமல் கிராங்கைத் திருப்பவே கூடாது. எந்த பிளக்கின் முனை ஈரமாக, மண் நிறத்தில் வருகிறதோ அந்த சிலிண்டர் மேல் ஒரு கண் வையுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று. லேசாகச் சுற்றினால் நல்ல சகுனம். ஒரே இடத்தில் முட்டி நின்றால் தம் கட்டித் தள்ளாமல் நிறுத்திவிடுங்கள். சுற்றினால், காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களை எடுத்துவிட்டு, பேட்டரியை மறுபடி மாட்டி செல்ஃப் அடிக்கலாம். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி பானெட் வரை அடிக்கும். முகத்தை அங்கே நீட்டாதீர்கள். நான் ஒருமுறை நீட்டியிருக்கிறேன்.

தண்ணீர் வெளியே வந்து, ஆயில் மாற்றி, வண்டி ஸ்டார்ட்டும் ஆகிவிட்டால் பல இடங்களில் அதோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் கோபம் வரும். லேசாக வளைந்த ராடு ஓடும். சில வாரம், சில மாதம்கூட ஓடும். அப்புறம் ஒருநாள் தொப்பூர் கணவாயிலோ எங்கேயோ உடைந்து, பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். எனவே ஸ்டார்ட் ஆனாலும் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று, பார்க்காமல் விடக்கூடாது.

அந்த பெட்ரோல் காரில் அழுத்தம் பார்க்கும் கேஜ் போட்டபோது மூன்று சிலிண்டர்களில் 170 பிஎஸ்ஐ சுற்றி வந்தது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 138. அதில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அப்படியென்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில் பிரச்சினை இல்லை. பிஸ்டனை மேலே நிறுத்தி கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தேன். சைலன்ஸரிலும் ஆயில் மூடியிலும் சத்தமே இல்லை, காற்று எங்கும் கசியவில்லை. கசிவு இல்லாமல் கம்ப்ரஷன் மட்டும் குறைந்தால் பிஸ்டன் முழுதாக மேலே வரவில்லை என்று அர்த்தம், அதாவது ராடு குட்டையாகிவிட்டது. பித்தளை வெல்டிங் கம்பி ஒன்றை பிளக் துளை வழியே விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது கோடு கிழித்தேன். மூன்று கோடுகள் ஒன்றாக விழுந்தன. மூன்றாம் சிலிண்டர் கோடு மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி, அதாவது கம்பி அங்கே அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. வண்டிக்காரரைக் கூப்பிட்டு அந்தக் கம்பியையே கையில் கொடுத்தேன். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்கும் முழு இன்ஜின் மாற்றவில்லை. ஹெட்டையும் சம்ப்பையும் இறக்கி, ஒரு ராடு, பிஸ்டன், பேரிங் செட், காஸ்கெட் என்று முடிந்தது. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, கிராங்க் நேராக இருந்தது, அதனால் முடிந்தது. பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் விவாதமே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று, செல்ஃப் அடித்ததும் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நிற்பதெல்லாம் தண்ணீர் அடைப்பு ஆகாது. நனைந்து சார்ஜ் இறங்கிய பேட்டரியும் அதே சத்தம்தான் போடும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருமுறை செல்ஃப் அடித்துப் பாருங்கள். மங்கி அணைந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதை மறக்காதீர்கள்.

இன்சூரன்ஸ்: சாதாரண முழு பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு, ஆனால் தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்றால் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால் பொதுவாக மறுத்துவிடுவார்கள். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும் முன் எதையும் பிரிக்க விடாதீர்கள். நனைந்த ஃபில்டர், கதவில் தண்ணீர்க் கோடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

சர்வேயர் வர நாளாகும் என்றால், அவரிடம் போனில் சொல்லிவிட்டு, பிளக் துளைகளில் தண்ணீரை மட்டும் வெளியேற்றி துளைக்கு இரண்டு ஸ்பூன் புது ஆயில் விடச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் சில நாளிலேயே சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். கம்ப்ரஷன் நான்கு எண்களும் வந்ததும் இங்கேயே கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.