வாசகர் கேள்வி-பதில்: ஜிஆர்இ கணக்கில் சறுக்கும் இடம் எது?

கேள்வி: இயந்திரப் பொறியியல் முடித்து மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பதற்காக ஜிஆர்இ எழுத இருக்கிறேன். எழுதிய இரண்டு மாதிரித் தேர்வுகளிலும் கணிதப் பகுதியில் 158-ஐத் தாண்டவில்லை. நிகழ்தகவு, வரிசை மாற்றம், சேர்வுகள் ஆகியவையே என் பலவீனம். அவற்றுக்கான காணொளி வகுப்புகளை மூன்று முறை பார்த்தும் பலன் இல்லை. தேர்வுக்குப் பத்து வாரங்கள் உள்ளன. என்ன செய்யலாம்?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நான்காவது முறை பார்க்காதீர்கள். பிறர் போடும் கணக்கைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். தாளும் பேனாவுமாகத் தனியே உட்கார்ந்தால்தான் எந்த வரியில் கை நின்றுபோகிறது என்பது தெரியும். அந்த வரியைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள சுருக்கப்பட்ட ஜிஆர்இ-யில் கணிதக் கேள்விகள் மொத்தம் 27. அவற்றில் நீங்கள் குறிப்பிடும் பாடங்களிலிருந்து வருபவை ஒரு சிலவே. அவற்றை மட்டும் தவறவிட்டிருந்தால் மதிப்பெண் 158-இல் நின்றிருக்காது. எனவே எளிது என்று நீங்கள் நினைக்கும் பாடங்களிலும் கசிவு இருக்கிறது.

இரண்டு மாதிரித் தேர்வுகளிலும் தவறிய கேள்விகளை விடையைப் பார்க்காமல், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி போடுங்கள். இம்முறை சரியாக வந்தால் அது நேர நெருக்கடியாலோ கேள்வியைத் தவறாகப் படித்ததாலோ நேர்ந்த பிழை. அப்போதும் வராவிட்டால்தான் பாடத்தில் குறை. இந்தப் பிரிவினையை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லால் எதையும் திருத்த முடியாது. 'சராசரி கேட்டிருந்தார்கள், நான் இடைநிலை அளவு கண்டேன்' என்று எழுதினால் அடுத்த முறை கண் அங்கே நிற்கும்.

சேர்வுகளில் பெரும்பாலோர் சறுக்கும் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 5 ஆண்கள், 4 பெண்கள் உள்ளனர். 3 பேர் கொண்ட குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? பலர் முதலில் ஒரு பெண்ணை 4 விதமாகவும், மீதமுள்ள 8 பேரிலிருந்து இருவரை 28 விதமாகவும் தேர்ந்தெடுத்து, பெருக்கி 112 என்கிறார்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல் 9 பேரிலிருந்து 3 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளே 84தான்! இரண்டு பெண்கள் உள்ள குழுவை, முதலாமவரை முன்னால் எடுத்து ஒரு முறையும் இரண்டாமவரை முன்னால் எடுத்து இன்னொரு முறையும் எண்ணிவிட்டதால் வந்த வினை இது. பெண்களே இல்லாத குழுக்கள் 10. 84-இலிருந்து அவற்றைக் கழித்தால் 74. சூத்திரம் மறந்ததால் நேர்ந்த தவறு அல்ல இது. ஒரே குழுவை இருமுறை எண்ணும் பழக்கம். சிறிய எண்களை வைத்துக்கொண்டு எல்லாக் குழுக்களையும் கையாலேயே பட்டியலிட்டுப் பார்த்தால் ஒரு வாரத்தில் இந்தப் பழக்கம் விடுபடும்.

பொறியியல் படித்தவர்களை ஜிஆர்இ கவிழ்க்கும் இன்னோர் இடம், இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்விகள். ஒரு நேர் எண்ணின் வர்க்கம் பெரியதா, அந்த எண் பெரியதா என்று கேட்டால், 2, 3 என்று போட்டுப் பார்த்துவிட்டு வர்க்கமே பெரியது என்று குறித்துவிடுவார்கள். எண் 1 ஆனால் இரண்டும் சமம்; அரை ஆனால் வர்க்கம் கால்தான். ஆகவே 'தீர்மானிக்க இயலாது' என்பதே விடை. முழு எண் என்று கேள்வி சொல்லாத வரையில் பின்னத்தையும், நேர் எண் என்று சொல்லாத வரையில் பூச்சியத்தையும் குறை எண்ணையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் பிரிவில் 12 கேள்விகளுக்கு 21 நிமிடங்கள், இரண்டாம் பிரிவில் 15 கேள்விகளுக்கு 26 நிமிடங்கள். முதல் பிரிவில் நீங்கள் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. எனவே ஒரே நிகழ்தகவுக் கணக்கோடு நான்கு நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசி இரண்டு எளிய கேள்விகளை இழப்பது பெரிய நஷ்டம். அதைக் குறியிட்டுவிட்டு நகருங்கள். அதே பிரிவுக்குள் திரும்பி வரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாகவும் விடாதீர்கள். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளில் ஒன்றையாவது இன்னும் எழுதாமல் வைத்திருந்தால், அதைக் கடைசி இரண்டு வாரங்களுக்கென ஒதுக்குங்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் கணிதம் எடுக்கவில்லை, பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன். பின்னம், சதவீதம் என்றாலே தடுமாறுகிறேன். பயிற்சி மையத்தில் சேர்ந்தே ஆக வேண்டுமா?
- வாசகி, மதுரை

பதில்: உடனே வேண்டாம். ஜிஆர்இ-யில் முக்கோணவியலும் நுண்கணிதமும் கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 8 முதல் 10 வரையிலான வகுப்புகளின் கணிதம் தேர்வின் பெரும்பகுதிக்கு அடித்தளமாகும். திட்ட விலக்கம்கூடப் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. வரிசை மாற்றத்துக்கும் சேர்வுகளுக்கும் மட்டும் பதினோராம் வகுப்பு நூலைப் புரட்ட வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பு நூலைத் திறக்கக் கூச்சப்படாதீர்கள்.

சதவீதத்தில் ஒவ்வொரு முறையும் 'எதில்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 100 ரூபாய்ப் பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றிப் பின் 20 சதவீதம் இறக்கினால் 96 ரூபாய்தான் வருகிறது, ஏனெனில் ஏற்றியது நூறில், இறக்கியது நூற்றிருபதில். திரையில் கால்குலேட்டர் தருவார்கள். ஆனால் எதை எதால் பெருக்குவது என்று அது சொல்லாது. ஆறு வாரம் இப்படிப் படித்துவிட்டு ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள். பயிற்சி மையத்தைப் பற்றி அந்த மதிப்பெண்ணைப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.