கத்திரி முடியும்வரை வாக்கிங்கை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. வேலூரில் இருக்கிறேன். மாலை ஐந்தரைக்கு முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது வழக்கம். ஏப்ரல் பிறந்ததிலிருந்து பாதி தூரத்திலேயே நெஞ்சு படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கத்திரி முடியும்வரை நடையை விட்டுவிடலாமா?

பதில்: நடையை விட வேண்டாம், நேரத்தையும் வேகத்தையும் மாற்றினால் போதும். ஆனால் மறுபடி நடக்கும் முன் மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சில, உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்கித்தான் அழுத்தத்தைக் குறைக்கின்றன. வியர்வையும் சேர்ந்துகொண்டால் கிறுகிறுப்பு வரும். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வெயிலில் படபடப்பு கூடுவதற்குக் காரணம் உண்டு. நடக்கிற கால்களுக்கும் ரத்தம் வேண்டும், சூட்டை வெளியே தள்ளத் தோலுக்கும் வேண்டும். வியர்த்து உடம்பில் நீரும் குறைந்திருக்கும். அதனால், ஜனவரியில் நடந்த அதே வேகத்துக்கு மே மாதத்தில் இதயம் கூடுதலாக அடித்தாக வேண்டும்.

மாலை ஐந்தரை வேலூருக்கு ஏற்ற நேரமே இல்லை. அந்த நேரத்தில் மேற்கு பார்த்த காம்பவுண்டு சுவரில் கையை வைத்துப் பாருங்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைச் சுவரும் தார் ரோடும் அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். நாளிலேயே சூடு குறைந்த நேரம் விடியற்காலைதான். ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் வீடு திரும்பிவிடலாம். காலையில் ஈரப்பதம் கூடுதல், சட்டை ஒட்டும். பரவாயில்லை.

முதல் சில நாள் இருபது நிமிடம் போதும். கூட வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்: சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும், படபடப்பு தணியும். அடியோடு விட்டுவிட்டால் இந்தப் பழக்கமும் சில வாரங்களில் போய்விடும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? ஒருநாள் நடக்கும் முன்னும் பின்னும் எடை பாருங்கள், வியர்வையைத் துடைத்துவிட்டு. அரை கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம். (ரெக்சின் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நடந்து, கொழுப்பு கரைந்தது என்று மகிழ்கிறவர்கள் இழப்பதும் இதே நீரைத்தான். இரண்டு சொம்பு தண்ணீரில் திரும்பி வந்துவிடும்.) பிரஷர் இருப்பதால் தினமும் ஓஆர்எஸ் பாக்கெட் வேண்டாம். அரை மணி நடைக்குத் தண்ணீரும் உப்பு குறைத்த நீர்மோரும் போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சில பிரஷர் மாத்திரைகளும் ரத்தத்தில் அதைக் கூட்டும். தினமும் குடிப்பதானால் இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறுகிறுத்தால் அங்கேயே நிழலில் உட்காருங்கள். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் போனாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்கும்போது வருவதில் வியர்வை ஒழுகிக்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உங்களோடு நடக்கிறவர்களிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.