அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்க் கதைகள்: கேள்வி பதில்

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கு அரசுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாக வைத்துச் சாதாரணச் சிப்பாய்களின் கதையை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. தளபதிகளைப் பற்றி வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அவர்களுக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது, அது போதும்.

கேள்வி: என் நாவல் கெட்டிஸ்பர்க் போரில் தொடங்குகிறது. நாயகன் ஒரு மேட்டில் நின்று இரண்டு படைகளின் நகர்வையும் பார்க்கிறான். நம்பும்படி இருக்குமா?

இருக்காது. அது தளபதி பார்க்கும் காட்சி, அதுவும் அதிர்ஷ்டம் உள்ள தளபதி. அந்தக் காலத்துக் கருமருந்து எரிந்தால் அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பும். காற்று இல்லாத நாளில் நாலைந்து முறை வரிசையாகச் சுட்டுவிட்டால் எதிரில் நிற்பவன் தெரியமாட்டான். புகைக்கு அடியில் தெரியும் கால்களைக் குறிவைத்துச் சுட்டவர்கள் உண்டு. உங்கள் நாயகனுக்குத் தெரிவது இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன், முன்னால் புகை. தான் நின்ற போருக்கு என்ன பெயர், அதில் வென்றது யார் என்பதையே பலர் பிறகு செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த அறியாமையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வரலாற்றுப் பாடம்தான்.

கேள்வி: துப்பாக்கி சுடும் காட்சியில் என்னென்ன விவரம் வேண்டும்?

பல்லில் தொடங்குங்கள். தோட்டாவும் மருந்தும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும். அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கி, கம்பியை அதன் இடத்தில் செருகி, மருந்தைப் பற்றவைக்கும் சிறு தாமிரத் தொப்பியான கேப்பைப் பொருத்திவிட்டுத்தான் சுட முடியும். முன்பல் இல்லாதவனைப் படையில் சேர்க்கத் தயங்கியதன் காரணம் இதுதான். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஒரு மணி நேரம் கழித்து அவன் உதடு கரி அப்பியிருக்கும், நாக்கில் வெடியுப்பும் கந்தகமும் ஒட்டியிருக்கும், தாகம் உயிரை எடுக்கும். போர்க்களத்துச் சிப்பாய் கடிதங்களில் தண்ணீர் அடிக்கடி வருவது தற்செயல் அல்ல.

பதற்றத்தில் தவறுகள் நடக்கும். கேப் பொருத்த மறந்து விசையை இழுப்பான். துப்பாக்கி வெடிக்கவில்லை என்பது அந்தச் சத்தத்தில் அவனுக்கே தெரியாது, அடுத்த சுருளைக் கடிப்பான். கெட்டிஸ்பர்க்கில் போர் முடிந்த பிறகு பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை மருந்து நிரப்பிச் சுடப்படாதவை, பலவற்றில் இரண்டு, மூன்று தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. 'அச்சம்' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட அந்தக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பது மேல்.

கேள்வி: முகாமில் என்ன சாப்பிட்டார்கள்?

வடக்கத்தியச் சிப்பாய்க்கு ஹார்ட்டேக், உப்பில் ஊறிய பன்றி இறைச்சி, பீன்ஸ், காபி. ஹார்ட்டேக் என்பது மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட சதுர பிஸ்கட். கடித்தால் பல் போகும். துப்பாக்கிக் கட்டையால் உடைத்துச் சூடான காபியில் போடுவார்கள். உள்ளே குடியிருந்த வண்டும் புழுவும் மிதந்து மேலே வரும். அவற்றை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குடிப்பார்கள். இருட்டில் சாப்பிடுகிறவனுக்கு அந்தக் கவலையும் இல்லை. காபிதான் அவர்களின் உயிர். அணிவகுப்பு ஐந்து நிமிடம் நின்றாலும் சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

தெற்கில் வடக்கின் கடல் முற்றுகையால் காபி வராமல் போனது. சிக்கரி, ஓக் கொட்டை, சர்க்கரைவள்ளி என்று கிடைத்ததையெல்லாம் வறுத்துக் காய்ச்சினார்கள். ஆனால் புகையிலை தெற்கிடம் ஏராளம். வர்ஜீனியா மாநிலத்து ரப்பஹானக் ஆற்றின் இரு கரைகளிலும் காவல் நின்றவர்கள், மரத்துண்டில் சிறு படகு செய்து, பாய்மரம் கட்டி, இந்தப் பக்கத்துக் காபியையும் அந்தப் பக்கத்துப் புகையிலையையும் மாற்றிக்கொண்டார்கள். அதிகாரிகள் தடை செய்தும் நடந்தது. மறுநாள் அதே ஆட்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். இதைக் கண்ணீர்க் காட்சியாக ஆக்கிவிடாதீர்கள், அவர்களுக்கு அது வியாபாரம்.

கேள்வி: என் தெற்கத்திய நாயகன் ஏழை விவசாயி, அடிமை வைத்திருக்காதவன், மனத்துக்குள் அடிமை முறையை வெறுக்கிறான். வாசகருக்கு அவனைப் பிடிக்குமல்லவா?

பிடிக்கும். நம்பமாட்டார்கள், அதுதான் சிக்கல். 1860 கணக்கெடுப்பின்படி, பிரிந்துபோன பதினோரு மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வெள்ளைக் குடும்பங்களிடம் அடிமைகள் இல்லை. ஆனாலும் அந்த வீட்டுப் பையன்கள் போருக்குப் போனார்கள். ஊரோடு சேர்ந்து போனார்கள், தம் மண்ணில் படை நுழைந்ததற்காகப் போனார்கள், கறுப்பர் தமக்குச் சமமாகிவிடுவார்கள் என்ற பயத்திலும் போனார்கள். என்றாவது ஓர் அடிமையை வாங்கிவிடலாம் என்ற ஆசையும் சிலருக்கு இருந்தது. இன்றைய நம் மனசாட்சியை அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்பாதீர்கள். அவனுக்குக் கோபம் வரவேண்டிய இடம் வேறு. 1862 ஏப்ரலில் தெற்கு கட்டாயப் படைச்சேர்ப்பைக் கொண்டுவந்தது. அக்டோபரில், இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு அளித்தது. பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்ற முணுமுணுப்பு அதனால் பெருகியது. வடக்கும் யோக்கியம் இல்லை: 1863 படைச்சேர்ப்புச் சட்டப்படி 300 டாலர் கட்டினால் அந்தச் சுற்றில் தப்பலாம். சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 13 டாலர்.

இன்னொன்று, நீங்கள் எழுதியிருக்கும் தெற்கத்திய முகாமில் கறுப்பர்களே இல்லை. சமைத்தது, துவைத்தது, குதிரையைப் பார்த்துக்கொண்டது யார்? அதிகாரிகள் கூட்டிவந்த அடிமைகள். அவர்களைக் கதையிலிருந்து துடைத்துவிட்டு நாயகனின் நல்ல மனத்தைப் பேசுவது ஏமாற்று.

கேள்வி: படையை விட்டு ஓடியவனை நாயகனாக வைக்கலாமா? கோழை என்று தோன்றாதா?

தாராளமாக வையுங்கள். 1863இல் தெற்கில் விலைவாசி மாவு வாங்க முடியாத அளவுக்கு ஏறியது. அந்த ஏப்ரலில் தலைநகர் ரிச்மண்டிலேயே பெண்கள் கடைகளை உடைத்து ரொட்டியும் மாவும் அள்ளினார்கள். 'பிள்ளைகள் பட்டினி, வந்துவிடு' என்று மனைவியின் கடிதம் வருகிறது. விதைப்பு நேரம். கேட்டால் விடுப்பு கிடைக்காது. அவன் கிளம்புகிறான். பலர் வயல் வேலையை முடித்துவிட்டுத் திரும்பியும் வந்தார்கள். பிடிபட்டால் கசையடி, உடம்பில் சூடு போடுவது, சில நேரம் மரணம். மரண தண்டனையைப் படை முழுவதையும் நிற்கவைத்து நிறைவேற்றினார்கள். குற்றவாளி தன் சவப்பெட்டியின் மேலேயே உட்காரவைக்கப்படுவான். சுடுகிறவர்களும் சிப்பாய்களே. நான் எழுதுவதாக இருந்தால் ஓடியவனை விட்டுவிட்டுச் சுடுகிறவனைத்தான் எழுதுவேன்.

கேள்வி: மயக்க மருந்தில்லாமல் காலை அறுக்கும் காட்சி எழுதியிருக்கிறேன்...

மாற்றுங்கள். குளோரோபார்மும் ஈதரும் இருபக்கமும் இருந்தன, பெரும்பாலான அறுவைகளில் கொடுத்தார்கள். கொன்றது கத்தியில் ஒட்டிய முந்தையவனின் சீழ். மருத்துவர்கள் கை கழுவவில்லை. கிருமி என்ற எண்ணமே அவர்களிடம் வந்துசேரவில்லை. அதைவிட முக்கியம், போரில் செத்தவன் ஒருவன் என்றால் நோயில் செத்தவர் இருவர். சீதபேதி, டைபாய்டு, நிமோனியா. தனித்த பண்ணைகளில் வளர்ந்த பையன்கள் முகாமுக்கு வந்த முதல் மாதங்களிலேயே தட்டம்மையில் விழுந்தார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிப்பதற்கு முன்பே ஒரு முக்கியப் பாத்திரத்தை மலக்குழியருகே சாகவிடுங்கள். வாசகர் திட்டுவார், நம்புவார்.

கேள்வி: கறுப்பினச் சிப்பாய்களைப் பற்றி எழுத ஒரு கரு சொல்லுங்கள்.

சம்பளம். வடக்குப் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பர்கள் இருந்தார்கள். வெள்ளையருக்கு 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடைக்காக 3 பிடித்தம். கறுப்பர்களின் படைப்பிரிவான மாசசூசெட்ஸ் 54ஆம் ரெஜிமென்ட் 'சமமாகக் கொடு, இல்லையேல் வேண்டாம்' என்று சம்பளத்தையே மறுத்தது. மாநில அரசு வித்தியாசத்தைக் கட்டுகிறேன் என்றபோதும் மறுத்தார்கள். அதற்கு முன்பே, 1863 ஜூலையில், கையில் காசில்லாமல்தான் தெற்கின் வாக்னர் கோட்டையில் ஏறிச் செத்தார்கள். 1864 ஜூனில் நாடாளுமன்றம் இறங்கிவந்தது, ஆனால் ஒரு முடிச்சோடு: 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்கே சேர்ந்த நாள் முதல் முழுப் பாக்கி. அடிமையாக இருந்து தப்பியவர் என்ன செய்வார்? அந்த ரெஜிமென்டின் தலைவர் கர்னல் ஹாலோவெல் ஓர் உறுதிமொழி எழுதினார்: அந்தத் தேதியில் என்னிடம் கூலியில்லா உழைப்பைக் கேட்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. கடவுள் முன்னால் அது உண்மைதானே? தப்பி வந்தவர்களும் கூசாமல் கையை உயர்த்தினார்கள். வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண் வேடமிட்டுப் போரிட்ட பெண்?

உண்டு. 'ஆல்பர்ட் கேஷியர்' என்ற பெயரில் இலினாய் 95ஆம் ரெஜிமென்டில் இருந்த ஜென்னி ஹாட்ஜர்ஸ் போர் முடியும்வரை பிடிபடவில்லை. மருத்துவச் சோதனை அவ்வளவு லட்சணம்.

கேள்வி: கதையில் ஒரு தமிழரை நுழைக்கலாமா?

போர்க்களத்தில் வேண்டாம். பஞ்சில் நுழையுங்கள். தெற்கின் பருத்தி இங்கிலாந்துக்குப் போக முடியாமல் நின்றதும் இந்தியப் பருத்தியின் விலை எகிறியது, 1865இல் சரிந்தது. அது தனிக் கதை, சிப்பாய் கதையல்ல.

கேள்வி: என் தெற்கத்திய நாயகன் இறுதி அத்தியாயத்தில் தோளில் துப்பாக்கியோடு வீடு திரும்புகிறான். போர் முடிந்ததும் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோனார்களா?

வடக்கத்தியர் விரும்பினால் 6 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம், கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தெற்கத்தியர் 1865 ஏப்ரல் 12 அன்று, சரணடைந்த இடமான அப்போமாட்டாக்ஸில் துப்பாக்கிகளை அடுக்கி வைத்துவிட்டு, போக அனுமதிச் சீட்டோடு வெறுங்கையாக நடந்தார்கள். சொந்தக் குதிரையோ கோவேறு கழுதையோ வைத்திருந்தவன் அதைக் கொண்டுபோகலாம் என்று வடக்குத் தளபதி கிராண்ட் விட்டுக்கொடுத்தார், உழவுக்கு வேண்டும் என்பதால். ஆகவே உங்கள் இறுதி அத்தியாயத்தில் தெற்கத்திய நாயகன் தோளில் தொங்கும் அந்தத் துப்பாக்கியை எடுத்துவிடுங்கள்.