கேளுங்கள், சொல்கிறேன்: இரண்டாம் பாகத்தைக் கிண்டலடிப்பது எப்படி?

கேள்வி: ஒரு படம் பிரபலமானதும் அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகைகள் அதைப் பகடி செய்து காமிக்ஸாகப் போடும் என்று முன்பு ஒரு பதிலில் சொல்லியிருந்தீர்கள். அதே ஆட்களோடு இரண்டாம் பாகம் வந்தால் அவர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிடாதா? *(கல்லூரி மாணவர் ஒருவர்)*

பதில்: தீராது தம்பி. சரக்கே அப்போதுதான் கைக்கு வரும்.

முதல் பாகத்தைப் பகடி செய்பவனுக்கு இடநெருக்கடி. இவன் நாயகன், இவள் இளவரசி, கறுப்பு முகமூடிக்காரன் வில்லன் என்று ஆளை அடையாளம் காட்டவே பக்கங்கள் போய்விடும். இரண்டாம் பாகத்தில் அந்தத் தொல்லை கிடையாது. வாசகனுக்கு எல்லோரையும் தெரியும். முதல் கட்டத்திலேயே அடிக்கத் தொடங்கலாம். அதைவிட முக்கியமாக, புதிதாக ஒரு இலக்கும் கிடைக்கிறது: 'இரண்டாம் பாகம்' என்ற வியாபாரமே.

ஸ்டார் வார்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படம் 1977 மே மாதம் வந்தது. 'மேட்' பத்திரிகை 1978 ஜனவரி இதழில் 'ஸ்டார் ரோர்ஸ்' என்று அதைப் போட்டுத் தாக்கியது. 1980 மே மாதம் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' வந்தது. அதற்கு 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் அவுட்'. இது 1981 ஜனவரி தேதியிட்ட 220ஆம் இதழ். எழுதியவர் டிக் டிபார்டலோ, வரைந்தவர் மார்ட் டிரக்கர். அட்டையில் மேட்டின் சின்னப் பையன் ஆல்ஃபிரட் ஈ. நியூமன், பச்சைக் கிழவர் யோடாவாக மாறி, பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். என்னிடம் இருப்பது முதுகு பிரிந்து ஒட்டுப்போட்ட பிரதி. இருந்தாலும் அந்த இளிப்பு மங்கவில்லை.

இப்போது அந்தப் படம் எப்படி முடிகிறது என்று யோசியுங்கள். நாயகனுக்குக் கை போகிறது. நண்பனை உறையவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 'நான்தான் உன் தகப்பன்' என்று வில்லன் சொன்னது உண்மையா பொய்யா என்பதும் தொங்கலில். கதை முடியாமலே விளக்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீதி தெரிய 1983 வரை காத்திரு என்றால், காசு கொடுத்தவனுக்குச் செல்லமாக ஒரு எரிச்சல் இருக்கத்தானே செய்யும்? என்னைக் கேட்டால் தொடர்படத்தைப் பகடி செய்கிறவனுக்கு முதலீடே அந்த எரிச்சல்தான். லேசர் வாளையும் ரோபோவையும் கேலி செய்வது யாருக்கும் வரும். 'அடுத்த பாகத்தில் சொல்கிறோம்' என்ற தந்திரத்தைக் குத்திக் காட்டத்தான் இரண்டாம் பாகம் வேண்டும்.

கேள்வி: படம் வந்து பல மாதம் கழித்துப் பகடி வந்தால் ஆறிப்போன பழங்கஞ்சி மாதிரி இருக்காதா? *(ஆசிரியை ஒருவர்)*

பதில்: மேட் அப்போது வருடத்துக்கு எட்டு இதழ்தான். படத்தைப் பார்த்து, எழுதி, வரைந்து, அச்சுக்குப் போக அத்தனை காலம் ஆகும். (அட்டையில் உள்ள மாதத்துக்கு முன்பே இதழ் கடைக்கு வந்துவிடும் என்பதால் உண்மையான இடைவெளி கொஞ்சம் குறைவு.) அந்தத் தாமதம் நல்லதாகத்தான் முடிந்தது. பலரும் படம் பார்த்திருப்பார்கள், விவரம் மறக்கத் தொடங்கியிருப்பார்கள். 1980இல் பெரும்பாலான வீடுகளில் வீடியோ கிடையாது. படத்தை மறுபடி 'பார்க்க' கைக்கெட்டிய வழி அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்கள். 'காட்ஃபாதர்' மாதிரி சிறுவர் தனியாகப் போக முடியாத படங்களின் கதையை மேட் படித்தே தெரிந்துகொண்ட அமெரிக்கப் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குக் கிண்டல் முதலில், படம் பிறகு. இது கொஞ்சம் கோணலான கல்விதான்!

கேள்வி: படம் எடுத்தவர்களுக்குக் கோபம் வராதா? *(வங்கி ஊழியர் ஒருவர்)*

பதில்: வரும். சில சமயம் ஒரே நிறுவனத்துக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே வரும். மேட்காரர்கள் சலிக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. எம்பயர் பகடி வெளியானதும், படத்தை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு கடிதம்: இதழைத் திரும்பப் பெற வேண்டும். அதே சமயத்தில் இன்னொரு கடிதம். அது ஸ்டார் வார்ஸைப் படைத்தவரும் அந்த நிறுவனத்தின் முதலாளியுமான ஜார்ஜ் லூகாஸ் எழுதியது. டிரக்கரை லியனார்டோ டா வின்சியோடும், டிபார்டலோவைப் பெர்னார்ட் ஷாவோடும் ஒப்பிட்டு, இவர்களுக்குத் தனி ஆஸ்கார் தர வேண்டும் என்று புகழ்ந்திருந்தார். மூலச் சித்திரங்களை விலைக்குக் கேட்டார்.

மேட் என்ன செய்தது? முதலாளியின் கடிதத்தை நகலெடுத்து வக்கீல்களுக்கு அனுப்பியது. அவ்வளவுதான். அதன்பின் அங்கிருந்து சத்தமே இல்லை. இதைவிடச் சுருக்கமான பதில் மனுவை நான் பார்த்ததில்லை.

லூகாஸுக்கு டிரக்கர் அந்நியரும் இல்லை. 1973இல் லூகாஸ் இயக்கிய 'அமெரிக்கன் கிராஃபிட்டி'க்குச் சுவரொட்டி வரைந்ததே டிரக்கர்தான். வக்கீல்கள் அந்தச் சுவரொட்டியை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

கேள்வி: முன் அனுமதி வாங்க மாட்டார்களா? *(சட்டம் படிப்பவர்)*

பதில்: அனுமதி வாங்கிச் செய்தால் அது விளம்பரம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் உள்ளிட்டவர்களின் பாடல்களைப் பகடி செய்ததற்காக மேட்டின் நிறுவனத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். வழக்கில் இருந்தவை 25 பாடல்கள். கீழ்க்கோர்ட்டு 23இல் மேட் பக்கம் நின்றது. வாதிகள் அப்பீலுக்குப் போய், கையில் இருந்த இரண்டையும் தோற்றுவிட்டு வந்தார்கள். 1964இல் வந்த அந்தத் தீர்ப்புதான் பின்னால் வந்த கிண்டல்காரர்களுக்கெல்லாம் குடை.

கேள்வி: டிரக்கர், டிரக்கர் என்கிறீர்களே, அவர் கோட்டில் அப்படி என்ன? *(ஓவியப் பள்ளி மாணவி)*

பதில்: நானும் ஒரு காலத்தில் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டுப் பிழைத்தவன்தான். அதனால் பொறாமையோடு சொல்கிறேன். மூக்கைப் பெரிதாக்கி, காதை நீட்டி, 'இதுதான் இன்னார்' என்று ஒரு படம் போட்டுவிடலாம். எனக்கும் வரும். சினிமாப் பகடியில் அது பத்தாது. ஸ்டார் வார்ஸ் நடிகர் ஹாரிசன் ஃபோர்டை ஒரு கட்டத்தில் நேராக, அடுத்ததில் பக்கவாட்டில், அதற்கடுத்ததில் மேலிருந்து, கோபமாக, அசடு வழிய, அலறிக்கொண்டு என்று பக்கம் பக்கமாக வரைய வேண்டும். அத்தனையிலும் அவராகவே இருக்க வேண்டும். கையில் இருப்பது படக் கம்பெனி தரும் சில விளம்பரப் புகைப்படங்கள். அவற்றில் இல்லாத கோணங்களை மூளைக்குள் தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் வரைய முடியும். டிரக்கருக்கு அது கைவந்தது.

தொடக்கத்தில் ஒரு பெரிய காட்சி போடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? எல்லாப் பாத்திரங்களும் நெருக்கியடித்து நின்று, ஒவ்வொருவராகத் தங்களைத் தாங்களே அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். 'நான்தான் இந்தக் கதையின் அசட்டு நாயகன்' என்கிற தோரணையில். அங்கே வசன பலூன்கள் எத்தனை, எது முதலில், எது பின்னால் என்று கண்ணை இழுத்துச் செல்வது தனி வித்தை. டிரக்கர் பின்னணியிலும் சும்மா இருக்க மாட்டார். கூட்டத்தில் சம்பந்தமே இல்லாத யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அவர் கைகளையும் பாருங்கள். முகம் மறைந்தால்கூட விரல்களை வைத்து ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம். 2020இல் தமது 91ஆவது வயதில் காலமானார்.

கேள்வி: மேட் மட்டும்தானா? போட்டியாளர்கள் இல்லையா? *(ஓய்வுபெற்ற தபால்காரர்)*

பதில்: இருந்தார்கள். 1958இல் தொடங்கிய 'கிராக்ட்' முக்கியமானது. மார்வெலின் 'கிரேஸி'யும் 1973 முதல் பத்து வருடம் ஓடியது. கிராக்டில் ஜான் செவெரின் என்று ஒரு மேதை. போர்க்கதை, கௌபாய் கதை வரைந்து தேறிய கை. அவர் வரைந்தால் விண்கலமும் துப்பாக்கியும் அசலாக இருக்கும். என் குறை என்னவென்றால், ரொம்பவே அசலாக இருக்கும். பலூனை மறைத்துவிட்டுப் பார்த்தால் உண்மையான சாகசக் கதை போலத் தோன்றும். சிரிப்பு முழுவதையும் வசனமே சுமக்க வேண்டியிருந்தது, வசனமோ பல நேரம் சோனி. ஆனாலும் ஸ்டார் வார்ஸ் அலையைக் கிராக்ட் விடவில்லை. திரும்பத் திரும்ப அட்டையில் போட்டார்கள். மேட் விற்றுத் தீர்ந்த கடையில் இதையாவது வாங்கட்டும் என்ற கணக்கு!

கேள்வி: மூன்றாம் பாகமான 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை'யையும் விட்டுவைக்கவில்லையா? *(அதே கல்லூரி மாணவர்)*

பதில்: விடுவார்களா? 1983 அக்டோபர் இதழில் அதே டிபார்டலோ, அதே டிரக்கர். தலைப்பிலேயே 'சலிப்பு', 'அரைத்த மாவு' என்று இரண்டு அடி. எனக்கென்னவோ 1981 பகடிதான் மேல். மூன்றாவதில் கதை முடிந்து எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கிண்டலுக்குப் பிடிமானம் குறைவு.

கேள்வி: பழைய மேட் ஒன்று கிடைத்திருக்கிறது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? *(பத்தாம் வகுப்பு மாணவி)*

பதில்: சினிமாப் பகடியை முதலில் ஒருமுறை வேகமாகப் படி. பிறகு வசனத்தை விட்டுவிட்டு முகங்களை மட்டும் பார். அப்புறம் பக்க ஓரங்களில் எறும்பு அளவுக்குச் சிறு சிறு படங்கள் இருக்கும். செர்ஜியோ அரகோனெஸ் 1963 முதல் வரைந்தவை. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். என் வயதென்றால் பூதக்கண்ணாடியும். பின்னட்டையின் உள்பக்கம் இருக்கும், மடித்தால் வேறு படமாக மாறும் அல் ஜாஃபியின் மடிப்புப் படத்தை மட்டும் உடனே மடித்துவிடாதே. ஜெராக்ஸ் எடுத்து மடி.